ஒரு நிறம் தள்ளி

மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தவனே,
எம்மண் இதுவென எவரும் கேளாமுன்
உன்மூச்சை ஊதி உயிர்தந்த பெருமானே,
இம்மடல்கள் பொய்யுரையா வண்ணம் காத்தருள்.

*

சாவோ ஃபெலிக்ஸ், பாஹியா, பிரேசில்
12 ஜனவரி 2019

கர்த்தருக்குள் பிரியமான அக்கா சுல்மீராவுக்குத் தம்பி எல்பீடியோ வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் ஆண்டவர் அருளால் சுகமாக இருக்கிறேன். காதுகள் மட்டும் முன்னிலும் மந்தமாகிவிட்டன. தொலைபேசியை வைத்தால் ஆற்றில் மழை பெய்வது போன்ற இரைச்சலே கேட்கிறது. ஆகையால் தபாலையே நம்பியிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தெற்கின் கோடை இவ்வாண்டு கடுமை என்று கேள்வி.

மயாரா உங்கள் வீடு வந்து சேர்ந்த செய்தி கிடைத்தது. தாயில்லாத பிள்ளையை உங்கள் கையில் ஒப்படைத்ததில் என் மனம் ஆறியிருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு வேண்டிய மதிப்பெண் அவளுக்கு வந்துவிட்டது. கறுப்பருக்கும் கலப்பு நிறத்தவருக்கும் ஒதுக்கிய இடங்களில் ஒன்றுக்கு அவள் பெயர் எட்டியிருக்கிறது. விண்ணப்பத்தில் ‘பார்டோ’ என்ற கட்டத்தில் குறியிட்டாள். கறுப்புமல்ல, வெள்ளையுமல்ல என்பவருக்கான அந்தக் கட்டத்தை நம் வீட்டில் எவரும் யோசித்து நிரப்பியதில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி ஒரு சரிபார்ப்புக் குழுவின் முன் அவள் நேரில் நிற்க வேண்டுமாம். அம்மா நம்மைப் பள்ளி அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் நாளில் எண்ணெயும் சீப்புமாக ஒரு மணி நேரம் நம் தலையோடு போராடுவார். அதிகாரிகளின் முன் எப்படி நிற்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளைத் திருத்தமாக அனுப்பி வையுங்கள்.

உங்கள் மனைக்குச் சமாதானம்.
தம்பி எல்பீடியோ

*

போர்ட்டோ அலெக்ரி
16 பிப்ரவரி 2019

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

முழங்கால் பரவாயில்லை. நீ ஈரத்தில் அதிகம் நடக்காதே.

செய்தி நல்லதல்ல. மயாராவைக் குழு ஏற்கவில்லை. மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், ஒரு படக்கருவி. வேறு எதுவும் இல்லை என்கிறாள். நடுவில் இருந்த அம்மாள், “பேரச் சொல்லிட்டு இந்தத் தாள்ல இருக்கறத வாசிம்மா” என்றாராம். “நான் பார்டோ என்று என்னை அறிவிக்கிறேன்” என்று வாசித்தாள். “சரி, போகலாம்.” அவ்வளவே. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே, ‘கண்ணால் காணத்தக்க அடையாளங்கள் இல்லை’ என்று எழுதியிருந்தது.

மேல்முறையீடு செய்திருக்கிறோம். அவள் அழவில்லை. சாப்பிடுகிறாள். நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன்.

அன்புடன்
சுல்மீரா

*

சாவோ ஃபெலிக்ஸ்
2 மார்ச் 2019

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

நலம். நீங்களும் மயாராவும் நலமாயிருக்க நாள்தோறும் மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். காணத்தக்க அடையாளம் இல்லை என்றால் என்ன பொருள்? என் வீட்டில் கண்ணாடி இருக்கிறது. அதில் தெரியும் முகத்துக்குப் பிறந்தவள்தானே அவள்? சுருண்டு அடங்காத தலைமுடியைக் கட்ட அவள் கயிறு தேடும் கதை நம் தெரு முழுதும் அறியும்.

இங்கே செய்தி பரவிவிட்டது. முடிதிருத்தும் கடையில் நிவால்டோ எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உரக்கச் சொன்னான்: “என்ன எல்பீடியோ, ஒம் பொண்ணு தெக்க போனதும் வெளுத்துட்டாளாமே. அங்கத்த தண்ணி அப்படியா? ரெண்டு புட்டி எனக்கும் அனுப்பச் சொல்லு.” கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவை மூடிக்கொண்டேன்.

இத்துடன் புகையிலைக் கிடங்கின் முன் நம் அம்மா நிற்கும் நிழற்படமும், அவர் ஞானஸ்நானப் பதிவின் நகலும் வைத்திருக்கிறேன். குழுவிடம் காட்டுங்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்த பின் எவரும் ஐயுற முடியாது.

கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.
எல்பீடியோ

*

போர்ட்டோ அலெக்ரி
20 மார்ச் 2019

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகம் எழுது.

அம்மாவின் படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். அதை எவரும் பார்க்க மாட்டார்கள். ஏழைகளுக்காக அரசு அமர்த்தும் வழக்கறிஞர் நொயேமியாவைப் போய்ப் பார்த்தோம். கறுப்புப் பெண். ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். “அம்மா, பாட்டி கறுப்பா இருந்தா சீட்டு பாட்டிக்குத்தான்” என்றார். “கடையில பின்னாலயே வர்ற காவலாளி பாட்டி படத்தக் கேக்கறானா? எதிர்ல நிக்கற மூஞ்சியத்தானே பாக்கறான். அதனால குழுவும் மூஞ்சிய மட்டும்தான் பாக்கும். சொன்னத அப்படியே நம்பின காலத்துல நீலக் கண்ணும் சோளத் தலையுமா வந்து பார்டோன்னு எழுதிக் குடுத்துட்டு எங்க பிள்ளைங்க இடத்துல உக்காந்தாங்க. இந்தக் குழுவ நாங்கதான் கேட்டு வாங்கினோம்.”

அம்மாவின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

மேல்முறையீடும் தள்ளுபடி ஆகிவிட்டது. அதில் ஆளை நேரில் பார்ப்பதில்லை. முதல் நாள் எடுத்த படத்தையே வேறு ஐந்து பேர் பார்க்கிறார்கள். நொயேமியாவும் அந்தப் படத்தைப் பார்த்தார். படத்தில் வெளிச்சம் அதிகமாக விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சுல்மீரா

*

போர்ட்டோ அலெக்ரி
9 ஏப்ரல் 2019

என் அன்பு அப்பாவுக்கு மயாரா எழுதுவது.

நலமாக இருக்கிறேன். மீன் குழம்புக்குப் பனையெண்ணெய் ஊற்றும்போது உங்கள் கை நடுங்குகிறது என்று பக்கத்து வீட்டுச் செல்மா எனக்குச் செய்தி அனுப்பினாள். அடுப்பருகே கவனம்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அத்தைக்குத் தெரிய வேண்டாம். படத்தில் வெளிச்சம் அதிகமில்லை. குழுவின் முன் போவதற்கு முந்திய நாள் அத்தை என்னை அழகு நிலையத்துக்கு அழைத்துப்போய் முடியை நேராக்கச் சொன்னார். சூடு காதைச் சுட்டபோது, “கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, பெரிய எடத்துக்குப் போறோம்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் தன் பவுடரைத் தன் கையாலேயே என் முகத்தில் பூசினார். கழுத்து வரைக்கும். அவர் தினமும் பூசுவது. எனக்கு அது இரண்டு நிறம் கூடுதல் வெளுப்பு. கண்ணாடியில் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்தது. அத்தையின் கண்ணில் அவ்வளவு பெருமை. துடைக்க மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தையும் காட்டினார்: “பாரு, ஒங்கப்பாவும் திருத்தமா அனுப்பச் சொல்லியிருக்கான்.”

வழக்கறிஞர் அக்கா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்டார். வழி இருக்கிறது என்கிறார். முடியையும் முகத்தையும் மாற்றியவர் அதை நோட்டரி முன்னால் சத்தியமாகச் சொல்ல வேண்டும். நான் இங்கு வந்த நாளில் எப்படி இருந்தேன், அத்தைக்கு என்ன உறவு என்று அக்கம்பக்கத்தில் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியானால் நீதிபதி மறுபடி நேரில் பார்க்க உத்தரவிடுவார். ஜூன் கடைசிக்குள். அதற்குப் பிறகு இந்த இடம் வேறு ஒருவருக்கு.

அத்தையிடம் நான் கேட்க மாட்டேன் அப்பா. முதல் நாளே எதிர் வீட்டுத் தோனா இர்ம்கார்ட் அம்மாளிடம், “ஊர்லேருந்து ஒத்தாசைக்கு வந்த பொண்ணு” என்றுதான் என்னைச் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து அவர்கள் வந்தால் நான் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்தக் கட்டடத்துக் காவலாளி மட்டும் என்னை முதல் நாளே வேலைக்காரர்களின் மின்தூக்கிக்கு அனுப்பினான். அவனுக்கு ஐந்து பேரும் வேண்டாம், படக்கருவியும் வேண்டாம்.

அத்தை கெட்டவர் இல்லை. என் தட்டில் பெரிய துண்டை வைக்கிறார்.

உங்கள் மகள்
மயாரா

*

சாவோ ஃபெலிக்ஸ்
25 ஏப்ரல் 2019

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

உயிர்த்தெழுதலின் பண்டிகையை இங்கே சபையாருடன் ஆசரித்தோம். நீங்களும் நலமே கொண்டாடியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடல்நலம் எழுதுங்கள்.

இம்முறை எவரையும் குறை கூற எழுதவில்லை. என்னைப் பற்றியே எழுதுகிறேன்.

பிரசவ மருத்துவமனையில் முப்பத்தோராண்டு பதிவு எழுத்தனாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த பிள்ளையின் தாளில் நிறத்துக்கென்று ஓர் இடம் உண்டு. பிறந்த அன்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே செந்நிறம்தான். ஆகவே நான் பிள்ளையைப் பார்த்ததில்லை. தகப்பனின் காலைப் பார்த்தேன். வெறுங்காலோடு வந்தவனின் பிள்ளைக்குக் கண்ணால் கண்டதை எழுதினேன். ஷூ அணிந்து வந்தவனின் பிள்ளைக்கு வெள்ளையின் பக்கம் ஒரு நிறம் தள்ளி எழுதினேன். எவரும் என்னைக் கேட்டதில்லை. சிலர் நன்றி கூறினார்கள். ஐந்து பேர் குழுவென்று சினந்தேனே, நான் ஒருவனாகவே அந்தக் குழுவாக முப்பத்தோராண்டு அமர்ந்திருந்தேன்.

மயாரா பிறந்த அன்று என் பேனாவாலேயே அவள் தாளில் ‘வெள்ளை’ என்று எழுதினேன். கட்டிலில் கிடந்த அவள் தாய் வால்தெத்தே எட்டிப் பார்த்து, “என்னங்க, ஒங்க கண்ணு கெட்டுப்போச்சா?” என்றாள். “இருக்கட்டும்டி, இவளுக்காவது வழி லேசா இருக்கட்டும்” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண் மங்கிய தகப்பனொருவர் மகனின் கையைத் தடவிப் பார்த்து ஏமாந்த வேதாகம வரலாற்றைச் சபையில் எத்தனையோ முறை விரித்துரைத்திருக்கிறேன். ஏமாந்தவரைப் பற்றியும் ஏமாற்றியவனைப் பற்றியும் பேசினேன். அன்பின் மிகுதியால் பிள்ளையை அண்ணனாய்க் காட்ட அவன் மேல் வேறொரு தோலைப் போர்த்தி அனுப்பிய தாயைப் பற்றிப் பேசியதில்லை. திருத்தமாக அனுப்புங்கள் என்று உங்களுக்கு எழுதியவன் நான். அந்த வரியில் என்ன கேட்டேன் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அக்கம்பக்கத்தார் மயாராவை யாரென்று அறிவார்கள்?

உங்கள் தம்பி
எல்பீடியோ

*

சாவோ ஃபெலிக்ஸ்
1 ஜூன் 2019

அக்கா,

ஐந்து வாரங்களாகத் தபால்காரர் என் வாசலைக் கடந்து போகிறார். உங்கள் உடல்நலம் குறித்துக் கவலையாயிருக்கிறது. ஜூன் மாதம் தொடங்கிவிட்டது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சமாதானம் உண்டாகட்டும்.
எல்பீடியோ

*

போர்ட்டோ அலெக்ரி
17 ஜூன் 2019

தம்பிக்கு,

நோயில்லை. எழுதத் துணிவில்லாமல் இருந்தேன்.

எழுபத்து நாலில் இங்கே செவிலியர் வேலைக்கு வந்த விளம்பரத்தில், ‘நல்ல தோற்றம் உள்ளவர்கள் மட்டும்’ என்று போட்டிருந்தார்கள். அது என்ன தோற்றம் என்று எவரும் விளக்கவில்லை, கேட்கவும் தேவையிருக்கவில்லை. முடியைச் சுட்டு, பவுடர் பூசிக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது. அன்று பூசியதை நான் பிறகு கழுவவே இல்லை. கல்யாணப் பேச்சில் ஹெல்முட்டின் வீட்டார் கேட்டபோது போர்ச்சுகீசிய வழி என்றேன். நீ ஒரு முறையும் இங்கு வராதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அந்தக் காலையில் நான் மயாராவைக் குழுவுக்கு அனுப்பவில்லை, தம்பி. என்னையே மறுபடி அந்த வேலைக்கு அனுப்பினேன். அது வெளுப்பைத் தேடாத வேறு கதவு என்பது அவள் வெளியே வந்து நின்றபோதுதான் உறைத்தது. உனக்குப் படத்தில் வெளிச்சம் அதிகம் என்று எழுதினேன். அது பொய்.

உன் கடிதம் வந்தபின் அதை மேசை இழுப்பறையில் வைத்து மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு, சென்ற வியாழன், இதே கட்டடத்துத் தோனா இர்ம்கார்டையும் தோனா மார்லீசையும் மாத்தே இலைச்சாறு குடிக்க அழைத்தேன். மயாரா தட்டோடு வந்தாள். “தட்ட வெச்சுட்டு இப்படி உக்காரு” என்றேன். அவள் திகைத்து நின்றாள். “இவ என் தம்பி பொண்ணு” என்றேன். “கூடப் பொறந்த தம்பி.”

கைமாறிக்கொண்டிருந்த மாத்தேச் சுரைக்குடுக்கை ஒரு கையிலேயே நின்றுவிட்டது. இர்ம்கார்ட் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: “அது தெரியுமே.”

“எப்படித் தெரியும்?”

“ரெண்டு பேர் மூக்கும் ஒரே அச்சு. அப்புறம் சுல்மீரா, முப்பது வருஷமா கோடையில உங்க பவுடர் வேர்த்து வழியறத நாங்க பாத்துட்டுத்தானே இருக்கோம்.”

மார்லீஸ் என் கையைத் தட்டினாள். “நீங்க சொல்லல. தெரியாத மாதிரி இருக்கறதுதான் மரியாதைன்னு இருந்துட்டோம்.”

“அப்ப வேலைக்காரிக்குச் சொல்ற மாதிரி காப்பிக்கு நன்றி சொன்னீங்களே, அதுவும் மரியாதையா?” என்று மயாரா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அந்த இரண்டு பெண்களும் குடுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

மறுநாள் இருவரும் நோட்டரியிடம் வந்து கையெழுத்திட்டார்கள். மயாரா வந்த நாளில் அவள் முடி எப்படி இருந்தது என்று இர்ம்கார்ட் கையை விரித்துக் காட்டியே சொன்னாள். நான் செய்ததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். நொயேமியா மனுவைத் தாக்கல் செய்துவிட்டார்.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் கேட்டேன். “பாக்கலாம் அத்தை” என்றாள்.

சுல்மீரா

*

போர்ட்டோ அலெக்ரி
6 ஆகஸ்ட் 2019

அன்புத் தம்பிக்கு,

குளிர் எலும்பைத் தொடுகிறது, மற்றபடி சுகம். உன் கை நடுக்கத்துக்கு வைத்தியரைப் பார்த்தாயா?

நீதிபதி உத்தரவிட்டார். சென்ற புதன்கிழமை மயாரா மறுபடி குழுவின் முன் நின்றாள். வேறு ஐந்து பேர். ஆறு மாதத்தில் வளர்ந்த சுருளை விட்டுவிட்டுச் சுட்ட நுனியை அவளே வெட்டிக்கொண்டாள். தலை சிறுத்துத் தெரிந்தது. முகத்தில் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. நான் நடைவழியில் காத்திருந்தேன். முதல் முறையாக நானும் பூசாமல் வெளியே வந்திருந்தேன். காற்று முகத்தில் நேராகப் படுவது விநோதமாக இருந்தது.

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு வெளுத்த பையனின் தாய் பையிலிருந்து தாத்தாவின் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எவரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவன் பொய் சொல்கிறானா, அவனும் நம்மைப் போல ஒருவனா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை நேரம் பார்த்தும் தெரியவில்லை.

மயாராவை ஏற்றுக்கொண்டார்கள். திங்களன்று வகுப்பு தொடங்குகிறது.

மகிழ்ச்சியோடு முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நொயேமியா வாய் தவறி, “மூணு பேர் ஆமாங்கறாங்க, ரெண்டு பேர் இல்லைங்கறாங்க. போதும், நமக்கு மூணு போதும்” என்று சொல்லிவிட்டார். யார் எந்தப் பக்கம் என்பது இரகசியம். மயாரா மின்தூக்கியில் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள். முன்வாசல் மின்தூக்கி, இப்போது அதில்தான் வருகிறோம்.

“அந்த ரெண்டு பேர் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தறவங்களா அத்தை?” என்றாள்.

“இருக்கலாம்.”

“அப்ப என் வகுப்புலயும் இருக்கலாம்.”

“இருக்கலாம் கண்ணு.”

“சரி. முதல் தடவ வந்தவளும் நான்தானே. அவள இல்லைன்னாங்க. இவள ஆமாங்கறாங்க. அவ எங்க போனா?”

மின்தூக்கிக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் மாணவர் விடுதியில் இடம் கேட்டிருக்கிறாள். ஞாயிறன்று பெட்டியை எடுத்துப் போகிறாள். ஞாயிறுதோறும் சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

சுல்மீரா

*

சாவோ ஃபெலிக்ஸ்
20 ஆகஸ்ட் 2019

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அக்காவுக்கு,

கை நடுக்கத்துக்கு மருந்து தொடங்கியிருக்கிறேன். எழுத்து சற்றுக் கோணலாயிருப்பின் பொறுத்தருளுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சபையில் நன்றியறிதலாக வாசிக்க எண்ணினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மடித்துவிட்டேன். மகள் வைத்தியராகப் போகிறாள் என்று மட்டும் எழுந்து கூறினேன். நிவால்டோ வந்து என் தோளைப் பற்றி, “பழச மனசுல வெச்சுக்காதய்யா” என்றான். காது மந்தம் என்று கையைக் காட்டினேன். அது நன்றாகவே கேட்டது.

மயாராவும் எழுதியிருக்கிறாள். மூன்று வகுப்புகள் முடிந்தன. உடற்கூறு நடத்துகிறவர் நரைத்த மனிதர், நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்கிறாள். வேதியியல் நடத்தும் அம்மாள் அவள் பெயரை முதல் நாளே சரியாக உச்சரித்தாராம். பிறகு இப்படி எழுதியிருக்கிறாள்: ‘அப்பா, பாடத்தைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவராக இருக்குமா, அவராக இருக்குமா என்று. நெற்றியைப் பார்க்கிறேன், கண்ணைப் பார்க்கிறேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.’

முகத்தைப் பார்த்து எழுதும் தொழிலை அவள் கையிலும் கொடுத்துவிட்டோம், அக்கா. அதை அவள் மறக்க எத்தனை ஆண்டு ஆகுமோ அறியேன்.

டிசம்பரில் நான் அங்கு வருகிறேன். மூன்று நாள் பேருந்து என்றாலும் வருகிறேன். உங்கள் அக்கம்பக்கத்தாரிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

நம்மைத் தம் கையால் வனைந்தவர் உங்களையும் என் மகளையும் காப்பாராக. விடுதியின் அறையிலும் உங்கள் காலியான அறையிலும் அவர் துணையிருப்பாராக. இம்மடலைப் பிரித்து வாசிப்பவர் எவராயினும் அவர் மனையில் அப்பம் குறையாதிருப்பதாக. அவர் பிள்ளைகள் எந்த வாசலில் நின்றாலும் தங்கள் முகத்தோடே நிற்பார்களாக. ஆமென்.

உங்கள் தம்பி
எல்பீடியோ